சைட்கிக் நினைவகம் ஏறிக்கொண்டே போவது பற்றி

வணக்கம். நான்கு கோர் சர்வரில் சைட்கிக் (ரூபி செயலிகளின் பின்னணி வேலைகளை ஓட்டும் நிரல்) 400 எம்பியில் தொடங்கி 2 ஜிபிவரை ஏறுகிறது, இது நினைவகக் கசிவா (விடுவிக்கப்படாத நினைவகம் நிற்காமல் சேர்வது) என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் நாளில் ஏற்றம் நின்றுவிடுகிறது என்கிறீர்களே, அது கசிவின் குணம் அல்ல, பெரும்பாலும் நினைவகச் சிதறல்தான். ஜிலிப்சியின் (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) நினைவக ஒதுக்கியான மாலாக், 64 பிட்டில் கோருக்கு எட்டு அரீனா (தனித்தனி நினைவகப் பகுதி) வீதம், உங்களுக்கு 32 வரை திறக்கும். ஒவ்வொன்றிலும் காலியிடம் துண்டுதுண்டாகத் தேங்கிவிடுகிறது.

முதலில் மாலாக்_அரீனா_மேக்ஸ் சூழல் மாறியை 2 ஆக்கிப் பாருங்கள். அடங்காவிட்டால் ஜெமாலாக் என்ற மாற்று ஒதுக்கியை எல்டி_பிரீலோட் (நிரல் தொடங்கும்போதே ஒரு நூலகத்தை முன்கூட்டி ஏற்றும் சூழல் மாறி) வழியாக ஏற்றுங்கள். லினக்ஸில் ரெடிஸ் தரவுத்தளம் இயல்பாகவே ஜெமாலாக்கைத்தான் பயன்படுத்துகிறது. ஏற்றியபின் சைட்கிக் செயல்முறையின் மேப்ஸ் கோப்பில் (அது ஏற்றியிருக்கும் நூலகங்களைக் காட்டுவது) ஜெமாலாக் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். எல்டி_பிரீலோட்டில் தரும் கோப்புப் பாதையில் ஓர் எழுத்து பிசகினாலும், ஒரே ஒரு எச்சரிக்கை வரியோடு பழைய மாலாக்கே ஓடும்.