விராலுக்கு ஃப்ளை: வீட்டிலேயே கட்டலாமா?

கேள்வி: மைத்துனர் அமெரிக்காவிலிருந்து 8-வெயிட் ஃப்ளை ராட் (இறகு, முடி கட்டிய இலேசான போலி இரையான ஃப்ளையை வீசும் தூண்டில்கோல்; 8 என்பது லைனின் எடை எண்) ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். எங்கள் ஊர் ஏரியில் விரால் உண்டு. ஸ்பின்னிங் ராடில் ரப்பர் தவளை போட்டுப் பிடித்துப் பழக்கம். அதே தவளையை ஃப்ளை ராடில் கட்டி வீசினால் பத்தடி தாண்டவில்லை. ஒருமுறை என் பின்மண்டையிலேயே வந்து அடித்தது. லூர் (எடையுள்ள செயற்கை இரை) போலத் தண்ணீரில் சத்தம் எழுப்பும் ஃப்ளையை இங்கே கிடைக்கும் பொருட்களை வைத்துக் கட்ட முடியுமா? (செங்கல்பட்டு மாவட்ட வாசகர்)

பதில்: தாராளமாகக் கட்டலாம். முதலில் அந்தத் தவளையைக் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். ஸ்பின்னிங்கில் லூரின் எடைதான் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃப்ளையில் லைனின் எடைதான் ஃப்ளையைச் சுமந்து போகவேண்டும். 8-வெயிட் லைனில் முன்பக்கம் 30 அடியின் எடை 210 கிரெயின், அதாவது சுமார் 13.6 கிராம். கடையில் விற்கும் ரப்பர் தவளைகளில் பலவும் 10 கிராமைத் தாண்டும். சுமப்பதும் சுமையும் ஏறக்குறைய ஒரே எடை என்றால் பின்மண்டைதான் தாங்கவேண்டும்.

ஆகவே தவளையின் எடையை விட்டுவிட்டு, அது விராலைச் சுண்டியிழுக்கும் மூன்று குணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே மிதப்பது, இழுத்தால் தண்ணீரைத் தள்ளிக் களக் களக் என்று சத்தம் போடுவது, நிறுத்தினாலும் வால் ஆடிக்கொண்டிருப்பது. பலர் காய்ந்த ஃப்ளையைக் கையில் வைத்துப் பார்த்து இலேசாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். நீங்கள் வீசப்போவது நனைந்த ஃப்ளையை. பஞ்சு, பருத்தி நூல், கம்பளி, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் எல்லாம் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும். கட்டி முடித்ததும் வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு உதறு உதறிவிட்டு எடை போடுங்கள். ஈரத்தோடு 2 கிராமைத் தாண்டினால் 8-வெயிட்டில் வீச்சு கெடத் தொடங்கும் என்பது என் கணக்கு.

பாஸ்டனைச் சேர்ந்த ஜாக் கார்ட்சைட் உருவாக்கிய ‘கர்க்ளர்’ என்ற வடிவம்தான் உங்களுக்கு முதலில் ஏற்றது. சுலபம், செலவு குறைவு, விரால் அடிக்கும். ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் ஷீட் வாங்குங்கள். வாய் அகன்ற 1/0 முள், பாலியஸ்டர் தையல் நூல், ஃபெவிக்விக் போதும். முள்ளைப் பிடிக்கத் தனி வைஸ் இல்லையென்றால் பூட்டிக்கொள்ளும் வகைக் கட்டிங் பிளையரை மேசையோடு இறுக்கிக்கொள்ளலாம்.

வாலுக்குப் பேன்சி ஸ்டோரில் கிடைக்கும் செயற்கைச் சவுரி முடியைப் பரிந்துரைக்கிறேன். ஒரு உதறில் நீர் போய்விடும், தண்ணீரில் நன்றாக நெளியும். தீக்குச்சி கனத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அடர்த்தியாகக் கட்டினால் துடைப்பம் மாதிரி விறைத்து நிற்கும். கூடவே நாலைந்து இழை ஜிகினா. உடலில் சுற்ற நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. கறிக்கடையில் சொல்லிவைத்தால் சும்மாவே தருவார்கள். பிராய்லரில் தேடாதீர்கள், ஆறேழு வாரத்தில் வெட்டப்படும் கோழிக்கு இறகு நீள்வதற்கு நேரம் ஏது? ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, நாப்தலீன் உருண்டையோடு மூடிவையுங்கள்.

இனி கட்டும் முறை. முள்ளின் தண்டு முழுக்க நூலைச் சுற்றி, வளைவு தொடங்கும் இடத்தில் அரை மி.மீ. தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) ஒரு துண்டைக் கட்டிப் பின்னால் தொங்கவிடுங்கள். அது பிறகு பாசித் தடுப்பாகும். அதன் மேல் வால். அடுத்து, ஒரு செ.மீ.க்குச் சற்று அதிக அகலமும் எட்டு செ.மீ. நீளமும் உள்ள ஃபோம் பட்டையை, நீண்ட முனை பின்னோக்கித் தொங்கும்படி அதே இடத்தில் கட்டுங்கள். இறகின் நுனியையும் அங்கேயே கட்டி, அதைத் தண்டின் மேல் முன்னோக்கிச் சுற்றிக் முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கட்டும் துளை) அருகில் முடியுங்கள். இப்போது ஃபோமை முதுகு மேல் மடித்து முன்னே கொண்டுவந்து, கண்ணுக்குப் பின்னால் நாலைந்து சுற்று இறுக்குங்கள். முன்னால் ஒரு செ.மீ. நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, அதை நிமிர்த்தி, அதன் முன்புறம் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் அது நெட்டாக நிற்கும். களக் சத்தமெல்லாம் இந்த நாக்கிலிருந்துதான். கடைசியில் தங்கூசியை முள்ளின் அடியில் வளையமாகக் கொண்டுவந்து கண்ணருகே கட்டுங்கள். வளையம் முள்நுனிக்குக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும். முடிச்சுக்கு மேல் நகப்பாலிஷ் இரண்டு பூச்சு.

ஃபோமைக் கீழ்ப்பக்கம் குவித்துவிடாதீர்கள். முள்நுனிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள வெளி அடைபட்டால், எலும்பு இறுகிய விரால் வாயில் முள் ஏறாது. அடி விழும், மீன் நிற்காது.

கொஞ்சம் கை பழகியதும் முங்கி எழும் வகைக்குப் போகலாம். அமெரிக்காவில் லாரி டால்பெர்க் இதற்கு மான் முடியைத் திணித்துக் கத்தரித்துத் தலை செய்தார். நமக்கு மான் முடி வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஒரு ஃப்ளைக்காக வழக்கில் மாட்டவேண்டாம். தேய்ந்த ஹவாய் செருப்பு போதும். பழைய ரேடியோ ஆன்டெனாக் குழாயின் விளிம்பைத் தீட்டி, செருப்பில் வைத்துத் திருகினால் அழகான உருளை வரும். ஒரு பக்கத்தைக் கூம்பாகச் சீவி, கூர்ப்பக்கம் முன்னால் வரும்படி ஒட்டுங்கள். இழுத்தால் வழுக்கிக்கொண்டு முங்கும், விட்டால் மேலே வரும். தட்டைப் பக்கம் முன்னால் வந்தால் அதுவே தண்ணீரைத் தள்ளிச் சத்தம் போடும் பாப்பர்.

முகத்துவாரத்தில் கொடுவாய்க்குப் போனால் மிதக்கும் ஃப்ளை மட்டும் போதாது. அமெரிக்காவின் சஸ்குவெஹானா ஆற்று பாஸ் மீனுக்காக பாப் க்ளவுசர் வகுத்த முறை அங்கே கைகொடுக்கும்: தண்டின் மேல்பக்கம், முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மீன் கண் போலக் கனமான இரண்டு மணிகள், ஃப்ளை குப்புறக் கவிழ்ந்து முள்நுனி மேல்நோக்கியே ஓடும், அடியில் அவ்வளவாகச் சிக்காது. சாவிக்கொத்தில் வரும் மணிச்சங்கிலியிலிருந்து இரண்டு மணியைச் சேர்த்து நறுக்கினால் கண் தயார்.

ஏரியில் லீடரை (லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் இடையே கட்டும் நரம்பு) ஆறேழு அடிக்கு மேல் விடாதீர்கள். 25 பவுண்டு தங்கூசி ஒரே துண்டாகப் போதும். விரால் லீடரின் கனத்தைப் பார்ப்பதில்லை. தாமரை இலை ஓரத்தில் போட்டு, வட்ட அலை அடங்கும்வரை சும்மா இருங்கள். பிறகு அரையடி அரையடியாக இழுங்கள். மீன் அடித்ததும் ராடைத் தூக்கும் பழக்கத்தை மறந்து, ராட் நுனியை மீனை நோக்கியே வைத்து லைனை இடதுகையால் வெடுக்கென்று இழுங்கள். தூக்கினால் ராட்தான் வளையும், முள் ஏறாது.

சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்த்தால் அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் அடிக்கும், ஆனால் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரேயடியாக வழித்துவிடும். ஏரி மீன்பாசி குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கர்க்ளரில் ஐந்தாறு ஒரே அளவில் கட்டி எடுத்துப்போங்கள். விராலின் பல்லில் ஃபோம் சீக்கிரம் கிழியும், முள்ளை வைத்துக்கொண்டு மேலே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.