ஆண் பூனை முக்குகிறது, ஒன்றும் வரவில்லை: காலை வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். விளக்கெண்ணெயும் கொடுக்க வேண்டாம்.

மாலையிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, மலச்சிக்கலாக இருக்குமோ, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண் பூனை என்பதால் எனக்குச் சிறுநீர் அடைப்பு என்றே தோன்றுகிறது. அவற்றின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலானது. சிறுநீரில் உருவாகும் படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். முழுதாக அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடலாம். வாந்தியும் சோர்வும் வந்துவிட்டால் நேரம் இன்னும் குறைவு.

மணலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னங்கால்களுக்கு முன்னால், அடிவயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை போல உருண்டையாக, கெட்டியாகப் பட்டால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது. தயவுசெய்து அழுத்தாதீர்கள், கிழிந்துவிடும். கையில் எதுவும் தட்டுப்படவில்லை என்பதற்காக நிம்மதியாகத் தூங்கப் போகவும் வேண்டாம்.

நீங்கள் சென்னையில் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போன் செய்யும்போது "ஆண் பூனை, சிறுநீர் போகவில்லை" என்றே சொல்லுங்கள், அவசரம் புரியும்.

அப்புறம், வலிக்கிறதே என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

சில சமயம் அடைப்பில்லாமல் வெறும் சிறுநீர்ப்பை அழற்சியாகவும் இருக்கும். அதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.