குலுக்கலில் போன தீவு

வணக்கம் ஐயா,

என் மகன் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் படிக்கிறான். செப்டம்பரில் பதினைந்து நாள் அவனோடு தங்கினேன். தீவு என்பதால் எங்கும் மீனவர்களே இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பார்த்ததெல்லாம் உருளைக்கிழங்கு வயல். இத்தனை சிறிய இடம் எப்படித் தனி மாகாணமானது? பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாரும் நிலத்தைப் பற்றியே பேசினார்களே, ஏன்?

ச.

அன்புள்ள ச.,

மீனவர்கள் இல்லாமல் இல்லை. மே மாதம் விடியுமுன் வடகரைத் துறை எதற்காவது போயிருந்தால், சிங்கி இறால் கூண்டுகளோடு படகுகள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் போனது கிழங்கு தோண்டும் காலம்.

மாகாணமான கதை சுருக்கமானது. பரப்பு சுமார் 5,660 சதுர கிலோமீட்டர்தான். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஆனால் கனடாவில் சேருமுன்பே அங்கே தனிச் சட்டமன்றம் இருந்தது. அங்கிருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்கள் ஒன்றாகச் சேர்வது பற்றிய முதல் மாநாடு 1864இல் அந்தத் தீவின் சார்லட்டவுனில்தான் கூடியது. (அந்த வாரம் ஊரில் சர்க்கஸ், வந்த தலைவர்களை வரவேற்க அநேகமாக ஆளே இல்லை.) கூட்டம் நடந்த வீட்டுக்காரர்களே 1867இல் கனடா உருவானபோது சேரவில்லை. ரயில் பாதை போட்டுக் கடனில் மூழ்கிய பிறகு, 1873இல் சேர்ந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. செருப்பில் ஒட்டிய செம்மண்ணைக் கவனித்திருப்பீர்கள். மணற்பாறையில் உள்ள இரும்பு துருவேறிய நிறம் அது. அந்த மண்ணை 1767இல் லண்டனில் பிரிட்டிஷ் அரசு ஒரே நாளில் குலுக்கல் போட்டுக் கொடுத்துவிட்டது. சாமுவேல் ஹாலண்ட் அளந்து பிரித்த 67 துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20,000 ஏக்கர். பெற்றவர்கள் படை அதிகாரிகளும் அரசுக்கு வேண்டியவர்களும். அங்கே வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் அக்காடியர்களில் சுமார் 3,000 பேரை 1758இலேயே கப்பலேற்றி அனுப்பியாகிவிட்டது. எபெக்விட்க் என்று அந்தத் தீவுக்குப் பெயரிட்ட மிக்மாக் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிலம் பெற்றவர்களில் பலர் தீவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காட்டை வெட்டி வயலாக்கிய ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்காரர்களாகவே இருந்தன. 1864இல் அவர்கள் சங்கம் அமைத்து, குத்தகை தர மாட்டோம் என்றார்கள். பாக்கி வசூலிக்க அதிகாரி வரும் தலை தெரிந்ததும் முதல் வீட்டில் தகர ஊதுகொம்பு முழங்கும். அடுத்த பண்ணை அதை வாங்கி ஊதும். அவர் வந்து சேர்வதற்குள் ஊரே வழியில் நிற்கும். மறு ஆண்டு ஹாலிஃபாக்ஸிலிருந்து ராணுவம் வந்தது. கனடாவில் சேரும்போது தீவு கேட்டு வாங்கியவற்றில், நிலத்தை மீட்க 8 லட்சம் டாலரும் ஒன்று. 1875இல், நிலவுடைமையாளர்கள் நிலத்தை விற்றே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது.

நிலம் மறுபடி வெளியார் கைக்குப் போய்விடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை என்றே நினைக்கிறேன். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் 1,000 ஏக்கருக்கு மேலும், நிறுவனம் 3,000 ஏக்கருக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது. தீவில் வசிக்காதவர் 5 ஏக்கருக்கு மேல் வாங்க அமைச்சரவையின் அனுமதி வேண்டும். உங்களிடம் பேசியவர்கள் இந்த வரம்புகளைப் பற்றித்தான் குறைபட்டிருப்பார்கள். சிலர் போதாது என்று, சிலர் அதிகம் என்று.

குலுக்கலில் போன துண்டுகளின் எண்கள்கூட அழியவில்லை. தீவின் மேற்குப் பகுதியில் ஓர் ஊருக்குப் பெயரே 'லாட் 16', அதாவது பதினாறாம் துண்டு. அடுத்த முறை மகனோடு அந்தப் பக்கம் போய் வாருங்கள்.