கராஜ் கேள்வி பதில்: பைக்கின் பின் சில்லுக்குக் கார் டயர் போடலாமா?

கேள்வி: ஐயா, நான் பாண், பணிஸ் விற்பவன். 150 சீசீ பைக்கில் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு அக்கரபத்தனை, டயகம பக்கத் தோட்டங்களுக்குப் போய் வருகிறேன். பின் டயர் சீக்கிரமே மொட்டையாகிவிடுகிறது. வெளிநாட்டில் பைக்குக்குக் கார் டயர் போட்டு ஓடுவதை ஒரு வீடியோவில் பார்த்தேன். பல மடங்கு கூடுதலாக ஓடுமாம். நானும் போடலாமா? (வாசகர், லிந்துலை)

பதில்: வேண்டாம் தம்பி. காசு மிச்சம் பிடிக்க நினைப்பது நியாயம்தான். 2022இல் டயர் விலை ஏறிய ஏற்றத்தை நாமெல்லாம் பார்த்தோம். ஆனால் இந்த வழி நம்ம ரோட்டுக்கு ஆகாது.

நீங்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. அமெரிக்காவில் ஹொண்டா கோல்ட்விங் மாதிரி பெரிய வண்டி வைத்திருக்கும் சிலர் அப்படிப் போட்டு ஓடுகிறார்கள். அது கிட்டத்தட்ட 400 கிலோ வண்டி. 2001 முதல் 2017 வரை வந்த கோல்ட்விங்குக்குப் பின் டயர் 180/60 (180 என்பது மில்லிமீட்டரில் அகலம்), ரிம் 16 அங்குலம். அதே 16 அங்குலத்தில் 195, 205 என்று கார் டயர் தாராளமாகக் கிடைப்பதால் கொஞ்சம் நெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க நேர் ரோட்டில் போகிறவர்களுக்குக் கார் டயர் தேயாமல் கிடக்கிறது. அங்கேயும் டயர் கம்பனிகள் இதைச் செய்யாதே என்றுதான் சொல்கின்றன.

உங்கள் பைக்குக்கு வருவோம். பின் ரிம் 17 அங்குலம், அகலம் இரண்டு, இரண்டரை அங்குலம் இருக்கும். கடையில் 17 அங்குலக் கார் டயர் கேட்டால் பெரும்பாலும் 200 மில்லிமீட்டரைத் தொடும் அகலத்தில்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது உங்கள் ஸ்விங் ஆர்முக்குள், அதாவது பின் சில்லைப் பிடித்திருக்கும் கவைக்குள் போகாது, செயினிலும் உரசும். ஒல்லியான டயர் வேண்டுமென்று ஆல்டோ 800 டயரைப் பார்த்தால் அது 145/80, ஆனால் 12 அங்குல ரிம்முக்குரியது. ஆக, பொருத்தவே இடமில்லை.

ரிம்மை மாற்றி, ஸ்விங் ஆர்மை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொல்லலாம். அதனால்தான் அடுத்த விஷயத்தை விவரமாகச் சொல்கிறேன். கார் வளைவில் நிமிர்ந்தே போகும், பைக் சாய்ந்துதான் திரும்பும். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு முடக்கை 30 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தாலே வண்டி 25 பாகை அளவுக்குச் சாய வேண்டும். உங்கள் பைக் டயரின் மேல் கையை வைத்துப் பாருங்கள், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே வளைவாக இருக்கும். சாயும்போது ரோட்டில் படுகிற இடம் பக்கவாட்டில் நகருமே தவிரச் சட்டென்று பிடி விடாது. சந்தேகமாக இருந்தால் டயரின் குறுக்கே வெண்கட்டியால் தடிப்பாக ஒரு கோடு போட்டு, ரோடு காய்ந்திருக்கும்போது நாலு முடக்கு மெதுவாக ஏறி இறங்கிவிட்டு வந்து பாருங்கள். கோடு நடுவில் மட்டுமல்ல, இரு பக்கமும் அழிந்திருக்கும். கார் டயர் தட்டை. சாய்க்கப் போனால் முதலில் மறுக்கும், ஹேண்டிலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் மீறிச் சாய்த்தால் அந்தச் சதுர ஓரத்தில் ஏறி நிற்கும். இறம்பொடையில் பனி இறங்கிய நேரம், எதிரே மரக்கறி லொறி, ரோட்டோரம் முழுக்க மண். அந்த இடத்தில் வண்டி தானாக நிமிரப் பார்த்தால் எந்தப் பக்கம் போவீர்கள்? ரோட்டில் பள்ளக்கோடு இருந்தாலும் தட்டை டயர் அதன் போக்கிலேயே இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று, பைக் ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடமும் கார் ரிம்மில் உட்காரும் இடமும் ஒரே அமைப்பு இல்லை. உட்காரவில்லையென்று காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள். காற்றழுத்தத்தை 40 பீஎஸ்ஐக்கு மேல் ஏற்றி விளிம்பை உட்கார வைக்கக் கூடாது. வெடித்தால் பக்கத்தில் நிற்கிற பையனின் கைதான் போகும். டயர் கடைப் பையன்களை நினைத்து இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சரி, உங்கள் டயர் ஏன் இப்படித் தேய்கிறது? பக்கவாட்டில் 100/90-17 என்ற அளவுக்குப் பக்கத்தில் 55P என்று இருக்கிறதா பாருங்கள். 55 என்றால் அந்த டயர் தாங்கும் உச்சப் பாரம் 218 கிலோ. பைக்கின் எடையில் பாதிக்கு மேல், உங்கள் எடையில் பெரும்பகுதி, அப்புறம் பெட்டி முழுவதும் பின் சில்லில்தான். எல்லை கிட்டத்தில் நிற்கிறீர்கள். அதே அளவில் 61P என்று பலப்படுத்திய டயர் வருகிறது, அது 257 கிலோ தாங்கும். அடுத்த முறை அதைக் கேட்டு வாங்குங்கள். காற்றையும் கவனியுங்கள். இந்த வகைப் பைக்குகள் பலவற்றுக்குத் தனியாகப் போனால் பின்னுக்கு 28 பீஎஸ்ஐ, பாரமிருந்தால் 32. பாண் பெட்டியோடு 28இல் ஓடினால் டயர் சூடேறி ஓரம் தேயும்.

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம்ம பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பெற்றோல் மிச்சமாகும் என்பார்கள். அப்போது முழுப் பாரத்தையும் பின் பிரேக் ஒன்றே பிடிக்கிறது, சில்லு இறுகி இழுபடும்போதெல்லாம் ரப்பர் ஒரே இடத்தில் போகிறது. இரண்டாம் கியரில் இறங்குங்கள், முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், செயின் இறுக்கும் இடத்தில் இரு பக்கக் கோடுகளும் சமமா என்று பாருங்கள்.

கேள்வி: கொழும்பில் காற்று அடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறினால் குறைக்க வேண்டுமா? (வாசகி, கொட்டகலை)

பதில்: வேண்டாம். 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்று பார்க்கும் மீட்டரில் ஏறக்குறைய 3 பீஎஸ்ஐ கூடும். ஆனால் குளிரில் 2 பீஎஸ்ஐ போல இறங்கிவிடும். ஒன்றுக்கொன்று சரியாகிப் போகிறது. மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன், டயர் ஆறியிருக்கும்போது ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: மொட்டை டயரில் சூடான கத்தியால் புதுக் கோடு வெட்டித் தருகிறார்கள். பரவாயில்லையா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: கூடவே கூடாது. மிஞ்சியிருக்கிற ரப்பரையும் அறுத்து டயருக்குள் இருக்கும் நூலுக்குக் கிட்டே போய்விடுவார்கள். பழைய டயரை வாங்குவதாக இருந்தால் பக்கவாட்டிலுள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரப்பரில் மயிர்க்கோடு போல வெடிப்பிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.