கடிதம் கிடைக்காமல் கதை நின்றுவிட்டால்

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசைக் கதையாட்டம் ஒன்றை முதல்முறையாக நடத்தினீர்கள், நூலகத்தில் ஒளித்துவைத்த கடிதத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அரை மணி நேரம் எல்லோரும் திருதிருவென முழித்தார்கள், 'நான் இதற்கு லாயக்கில்லையோ' என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். அந்தக் கடிதத்தைப் பகடையின் கையில் கொடுத்ததுதான் சிக்கல்.

கடிதம் கிடைக்க, இருபது பக்கப் பகடையில் 15-க்குக் குறையாமல் விழ வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். அதற்கு வாய்ப்பு 30 சதவீதம்தான். கதை நகரக் கட்டாயம் வேண்டிய தடயத்துக்குப் பகடையே உருட்டச் சொல்லாதீர்கள். சரியான இடத்தில் தேடினால் கிடைத்துவிடட்டும். துப்பறியும் ஆட்டங்களுக்கென்றே வந்த கம்ஷூ விதிமுறையின் அடித்தளமே இதுதான். பகடையை வேறு கேள்விக்கு வையுங்கள்: கடிதத்தை உருவும்போது காவலாளி விழித்துக்கொள்கிறானா? உருட்டியது சரியாக விழாவிட்டாலும் கடிதம் கையில் இருக்கும், வாசலில் காலடிச் சத்தம் கேட்கும். ஆட்டம் அங்கேதான் சூடுபிடிக்கும்.

அதே செய்தி இன்னும் இரண்டு வழிகளிலும் கிடைக்கும்படி செய்யுங்கள். சமையல்காரி உளறலாம், அடுப்பில் பாதி எரிந்த நகல் கிடக்கலாம்.

அப்புறம், ஆட்டத்தில் வாயே திறக்கவில்லை என்று நீங்கள் சொன்ன அந்தத் தோழி. அவருடைய பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, "கதவு திறக்கிறது, நீ என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், அவர் யோசித்துக்கொண்டிருப்பார். வேறு யாராவது முந்தினால், "இரு, இவங்க முதல்ல" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்த ஆட்டத்தை அதே நூலகத்தில் தொடங்குங்கள். சமையல்காரி விளக்கோடு உள்ளே வரட்டும்.