‘ஸ்டில் லைஃப்’: மூழ்கும் ஊரின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாங்கள் பரிந்துரைத்த, சீன இயக்குநர் ஜியா ஜாங்கேயின் ‘ஸ்டில் லைஃப்’ (2006) படத்தைப் பார்த்தேன். ஓர் ஊரே அணைநீரில் மூழ்குகிறது. படத்தில் யாருக்கும் கோபம் வருவதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்குப் பறக்கும் தட்டு வருகிறது, ஒரு கட்டடம் ராக்கெட்டைப் போல வானேறுகிறது. இத்தனை பேரின் துயரத்தை இயக்குநர் விளையாட்டாக எடுத்துக்கொண்டாரா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இடம்பெயர்ப்பு அலுவலகத்தில் மக்கள் இரைந்து வாதிடும் காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. ஆனால் ஜியா அங்கே நெடுநேரம் நிற்பதில்லை என்று நீங்கள் கவனித்தது சரிதான். அவர் நிற்குமிடம் வேறு. யாங்சி ஆற்றின் த்ரீ கோர்ஜஸ் அணைக்காக 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர் என்னும் பேரெண்ணை விட்டுவிட்டு, ஒரு மனிதனின் கையில் புழங்கும் சிறு தொகைகளை அவர் விடாமல் பின்தொடர்கிறார்.

ஷான்ஷி மாகாணத்துச் சுரங்கத் தொழிலாளி ஹான் சன்மிங், பதினாறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி, அணைநீரில் மூழ்கிவரும் ஃபெங்ஜியே நகருக்கு வருகிறான். அந்த மனைவியை அவன் 3,000 யுவானுக்கு விலைகொடுத்து வாங்கியிருந்தான். காவலர்கள் அவளை மீட்டு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போது அவள் தன் அண்ணன் பட்ட 30,000 யுவான் கடனுக்காக ஒரு படகுக்காரரிடம் உழைத்துக்கொண்டிருக்கிறாள். பழைய சமூகம் அவளை விற்ற தொகையைப் போலப் பத்து மடங்கைப் புதிய காலம் கேட்கிறது என்பதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படத்தின் மிகக் கடுமையான விமர்சனம் இந்தக் கணக்கில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன். கூலியாட்கள் தத்தம் ஊரை அறிமுகம் செய்துகொள்வதும்கூட பணத்தாளைக் காட்டித்தான்: பத்து யுவான் தாளில் குய்மென் மலையிடுக்கு, ஐம்பது யுவான் தாளில் ஹூகோ அருவி. நாடு தாளில் அச்சிட்டுப் பெருமைப்படும் அதே மலையிடுக்கின் அருகில்தான், நீர் எட்டவிருக்கும் 156.5 மீட்டர் உயரத்தைச் சுவரில் எழுதிவைத்துவிட்டு வீடுகளை இடிக்கிறார்கள்.

பறக்கும் தட்டைப் பொறுத்தவரை, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய நகரைச் சில ஆண்டுகளில் சம்மட்டியால் தரைமட்டமாக்கும் இடத்தில் எது நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது என்ற எல்லையே கலைந்துவிடுகிறது. கணவனைத் தேடிவந்த செவிலி ஷென் ஹோங் துணி உலர்த்தும்போது, அவளுக்குப் பின்னால் கட்டடம் மேலே பறக்கிறது. அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கட்டடங்கள் மறைவது அங்கே அன்றாடச் செய்தி. ஆனாலும் பறக்கும் தட்டு அவசியமா என்பதில் எனக்கும் தயக்கம் உண்டு. கட்டடக் காட்சி ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

இதே ஊரில், இதே காலத்தில், இடிப்புத் தொழிலாளர்களை ஓவியமாகத் தீட்டிய லியு ஷியாவ்தோங்கைப் பற்றி ஜியா எடுத்த ‘டோங்’ என்னும் ஆவணப்படத்தையும் பாருங்கள். உங்கள் கேள்வியை அதற்குப் பிறகு மீண்டும் எழுப்பினால் இன்னும் விரிவாகப் பேசலாம்.