தொட்டி நிரம்பியதை வண்டிக்கு யார் சொல்வது?

கேள்வி: பூக்கடைத் தெருவில் காலை பத்து மணிக்கே குப்பைத் தொட்டி வழிகிறது, எங்கள் தெருவில் பாதிகூட நிரம்பாத தொட்டிக்குத் தினமும் வண்டி வருகிறது. சென்சாரும் 'புரோகிராம் செய்யக்கூடிய நெட்வொர்க்'கும் வந்தால் இது மாறுமா?
வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மாறும், ஆனால் பெரும்பங்கு வேலை சென்சாருடையது. தொட்டியின் மூடிக்கு அடியில் இருக்கும் அது நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால் ஒரு மீட்டர் ஆழத் தொட்டி காலியாக இருந்தால் ஏறக்குறைய 6 மில்லி நொடி, பாதி நிரம்பினால் 3. ஒரு வாழை இலை குறுக்கே விழுந்தாலே 'நிரம்பிவிட்டது' என்று தப்பாகச் சொல்லிவிடும், அதனால் அடுத்தடுத்து நாலைந்து அளவு பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

இந்தத் தகவல் சில பைட்தான். குறைந்த மின்சாரத்தில் அதிகத் தூரம் போகும் லோரா மாதிரி ரேடியோவில் அனுப்பலாம், இந்தியாவில் அதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவையில்லை, பேட்டரியும் பல வருஷம் தாங்கும்.

சரி, அந்த நெட்வொர்க் எதற்கு? சாதாரணமாக எந்தத் தகவலை எந்த வழியில் விடுவது என்று ஒவ்வொரு ஸ்விட்சும் (தகவலை வழி பிரித்து அனுப்பும் பெட்டி) தானே முடிவு செய்யும். புரோகிராம் செய்யக்கூடிய நெட்வொர்க்கில் அந்த முடிவை ஒரே கன்ட்ரோலர் மென்பொருள் எடுக்கிறது. கேமரா வீடியோ, சிக்னல், தெருவிளக்கு, குப்பை எல்லாம் ஒரே கேபிளில் போகும்போது, தொட்டியில் தீப்பிடித்துச் சூடு ஏறினால் அந்தச் செய்தியை முதலில் விடு என்று ஓரிடத்தில் விதி எழுதினால் போதும். குப்பைக்கு மட்டும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம் என்பதே என் கருத்து.

ஏற்காட்டில் கதை வேறு. மேடு மறைத்தால் ரேடியோ எட்டாது, சென்சார்களின் செய்தியை வாங்கி நெட்வொர்க்கில் சேர்க்கும் கேட்வே கருவியை உயரமான இடத்தில் வைக்க வேண்டும். குரங்கு குப்பையை வெளியே இழுத்துப் போட்டாலும் சென்சார் 'காலி' என்றுதான் சொல்லும், அங்கே முதலில் நல்ல மூடி வேண்டும்.

அப்புறம், வண்டியில் மக்கும் குப்பையும் மக்காததும் கலந்தே ஏறினால் சென்சாரால் ஒன்றும் செய்ய முடியாது. தரம் பிரிப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி வீட்டிலேயே நடக்க வேண்டிய வேலை. வார்டு கூட்டத்தில் கேட்பதாக இருந்தால், பூக்கடைத் தெருவிலும் பழ மண்டி பக்கமும் மே, ஜூன் இரண்டு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாம்பழ சீசனில் தொட்டி நிரம்பும் வேகமே வேறு.